பல வருஷம் நின்ற யெஸ்டி: கிளப்பிப் பார்ப்பதா, பிரித்துக் கட்டுவதா, புதுசாக்குவதா, விற்றுவிடுவதா?

கொட்டகையிலோ மாடிப்படிக்கு அடியிலோ பதினைந்து, இருபது வருஷமாக நிற்கும் யெஸ்டி மோட்டார் சைக்கிளை என்ன செய்யலாம் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். பக்கத்துத் தெரு மெக்கானிக், "பிளக்கை மாத்தி கார்புரேட்டரைக் கழுவினா ஓடிடும் சார்" என்பார். ரெஸ்டோரேஷன் செய்பவர் கடைசி நட்டு வரை கழற்றி, முலாம் பூசி, கோடு இழுத்துத் தருவதாகச் சொல்வார். இடம் அடைக்கிறதே என்று வீட்டில் ஒரு குரல் கேட்கும். வாசலில் நின்று விலை கேட்கிறவர் ஒருவரும் எப்போதும் உண்டு. நாலு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. உங்கள் வண்டிக்கு எது பொருந்தும் என்பதைச் சொல்ல வேண்டியவை இரண்டுதான்: ஆர்.சி. புத்தகம், அப்புறம் எஞ்சினின் அடிக்கூடான கிராங்க் கேஸ். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எஞ்சினை முழுசாகப் பிரித்துக் கட்டுங்கள், பெயின்ட்டைத் தொடாதீர்கள். ஏன் என்பதுதான் மீதிக் கட்டுரை.

மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி செக்கோஸ்லோவாகிய ஜாவாவின் உரிமம் வாங்கி 1961-ல் 250 சி.சி. வண்டிகளைச் செய்ய ஆரம்பித்தது. 1973-லிருந்து வண்டிக்கு யெஸ்டி என்று பெயர். 1996-ல் ஆலையை மூடிவிட்டார்கள். ஆகவே உங்களிடம் இருப்பது எந்த மாடலானாலும், கடைசியாக வெளிவந்த ரோட்கிங்காகவே இருந்தாலும், வயது முப்பதை ஒட்டியாவது இருக்கும். 2022-ல் அதே பெயரில் வந்த புது யெஸ்டி 334 சி.சி. ஃபோர் ஸ்ட்ரோக், பழையது டூ ஸ்ட்ரோக். பெயர்தான் ஒன்று, பாகம் எதுவும் இதில் ஒட்டாது. பழையதற்கான சாமான்கள் பழைய ஸ்டாக், உள்ளூரில் திரும்பச் செய்தவை, செக் நாட்டிலிருந்து வருபவை என்று மூன்று வழியில் கிடைக்கின்றன. யமஹா ஆர்.எக்ஸ். 100 வைத்திருப்பவருக்கு இந்தக் கவலை குறைவு. அதன் சாமான் ஊருக்கு ஊர் கிடைக்கும். விற்கும் விலையும் ஏறிக் கிடப்பதால் செய்த செலவு திரும்பி வரவும் வாய்ப்புண்டு. யெஸ்டிக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

முதலில் காகிதம். இதைக் கடைசிக்குத் தள்ளுகிறவர்கள்தான் அதிகம். பதிவு முதல் 15 வருஷத்துக்குச் செல்லும். அதன் பிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு ஃபாரம் 25. 20 வருஷம் தாண்டிய மோட்டார் சைக்கிளுக்கு இந்தப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாய் ஆக்கினார்கள். எல்லா யெஸ்டியும் இந்தக் கணக்கில்தான் வரும். பசுமை வரி தனி. ஆர்.சி.யில் இருப்பவர் காலமாகிவிட்டார் என்றால் வாரிசு பெயருக்கு மாற்ற ஃபாரம் 31. பழைய புத்தக ஆர்.சி.யின் விவரம் கணினியில் ஏறாமலே கிடந்தால், அதை ஏற்றச் சொல்லி அலுவலகத்துக்கு நடக்க வேண்டியிருக்கும். இதெல்லாம் அலுப்பான வேலைதான், ஆனால் முடிகிற வேலை. ஆர்.சி.யே இல்லை, வண்டி யார் பெயரில் இருந்தது என்றும் தெரியவில்லை என்றால் கதை வேறு. அந்த வண்டிக்கு எஞ்சின் செலவு செய்வதில் அர்த்தமே இல்லை.

"வின்டேஜ்னு பதிஞ்சுட்டா போச்சு" என்று ஒரு யோசனை சொல்வார்கள். 2021-ல் வந்த அந்த விதி 50 வருஷம் கடந்த, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டிக்கு மட்டும். ஜாவாக்களும் ஆரம்ப கால யெஸ்டிகளும் தேறும், ரோட்கிங் தேறாது. முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்கு. மறுபதிவுக்கு 5,000. எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். ஆனால் அந்தப் பதிவோடு அன்றாடம் சாலையில் ஓட்ட முடியாது. கண்காட்சி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்ற காரியங்களுக்குத்தான் வெளியே எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை டீக்கடை வரை போய்வர ஆசைப்படுகிறவருக்குச் சாதாரணப் புதுப்பிப்புதான் சரி.

காகிதம் சரி என்றால் வண்டிக்கு வருவோம். தூசி தட்டிய கையோடு கிக்கரை மிதிக்கத் தோன்றும். வேண்டாம். யெஸ்டியில் கியர் லீவரேதான் கிக்கர், இரண்டும் இடது பக்கம். எஞ்சின் இறுகியிருக்கும்போது ஏறி மிதித்தால் உள்ளே இருக்கும் கிக்கர் பல்சக்கரம் உடையும். அப்புறம் பத்து ரூபாயில் முடிய வேண்டியது ஆயிரங்களுக்குப் போகும். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாகக் கொஞ்சம் டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றி இரண்டு மூன்று நாள் விடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டுப் பின் சக்கரத்தை முன்னும் பின்னுமாக மெதுவாக ஆட்டிப் பாருங்கள். ஒரு விரற்கடை அசைந்தாலும் போதும், மீதி வந்துவிடும். அசையவே இல்லை என்றால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் துருவால் ஒட்டியிருக்கின்றன. அப்போது முதல் வழி உங்களுக்கு இல்லை, இரண்டாவதிலிருந்து படியுங்கள்.

முதல் வழி என்பது எஞ்சினைப் பிரிக்காமல், சுற்றியுள்ளதை மட்டும் சரிசெய்து கிளப்புவது. இதன் கவர்ச்சி புரிகிறது. செலவு குறைவு, ஒரு வாரக் கடைசியில் சத்தம் கேட்கலாம். செய்ய வேண்டியவையும் அதிகமில்லை. டேங்க், கார்புரேட்டர், பாயிண்ட், பிளக், பேட்டரி, கேபிள்கள், பிரேக் கட்டை. டயரில் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றியே ஆக வேண்டும், ரப்பர் கல்லாகியிருக்கும்.

டேங்க் துருவுக்கு ஊரில் ஆயிரம் வைத்தியம் உண்டு. சிட்ரிக் ஆசிட் கரைசலை ஊற்றி ஒரு நாள் வைப்பது எளிது, கேடும் குறைவு. ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். துருவோடு தகரமும் போய், மடிப்பில் ஊசித் துளை விழும். எது ஊற்றினாலும் மூடி ஓரத்தில் வழிந்து வெளிக் குரோமில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கரைசலைக் கொட்டியதும் சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, உடனே கொஞ்சம் பெட்ரோலும் ஆயிலும் விட்டுச் சுழற்ற வேண்டும். அந்தக் கடைசி வேலையை நாளைக்கு என்று வைத்தால் காலையில் டேங்குக்குள் செம்மண் நிறத்தில் புதுத் துரு பூத்திருக்கும்.

பிளக்கில் ஸ்பார்க் வருவதற்காக மின்சாரத்தைச் சேர்த்துத் துண்டிக்கும் தொடுப்புதான் பாயிண்ட். அதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். வலது பக்க மூடியைக் கழற்றினால் ஜெனரேட்டர் முகப்பில் இருக்கும். பல வருஷம் நின்ற வண்டியில் தொடு பரப்பு இரண்டிலும் சாம்பலும் பச்சையும் கலந்த ஒரு படிவு ஏறியிருக்கும். கண்ணுக்கு ஒன்றுமில்லாதது போல் தெரிந்தாலும் மின்சாரம் தாண்டாது. மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு, அதிகம் வேண்டாம். பிறகு பெட்ரோலில் நனைத்த வெள்ளைக் காகிதத்தை இடையில் விட்டு, பாயிண்ட் மூடியிருக்கும்போது இழுங்கள். காகிதம் கறுப்பாக வரும். வெள்ளையாக வரும்வரை திரும்பத் திரும்ப இழுக்க வேண்டும். கையில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு பட்டாலே திரும்பவும் வேலைதான். அப்புறம் பாயிண்ட் முழுசாகத் திறக்கும் இடத்தில் ஃபீலர் கேஜ் வைத்து 0.3-லிருந்து 0.4 மி.மீ. இடைவெளி. கேமில் உரசும் ஃபைபர் குதி தேய்ந்திருந்தால் இந்த இடைவெளி ஓட ஓடக் குறைந்துகொண்டே வரும், டைமிங்கும் கூடவே நகரும். ஸ்பார்க் நீலமாக வந்தால் நல்லது. மஞ்சளாக, சோம்பலாக வந்து பாயிண்ட்டில் பொறி பறந்தால், அந்தப் பொறியை அடக்கும் கண்டென்சர் போயிருக்கிறது.

இவ்வளவும் செய்தால் பெரும்பாலான யெஸ்டிகள் கிளம்பும். சிக்கலே அங்கேதான். கிளம்பியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து ஊர் சுற்றக் கிளம்பிவிடுகிறோம். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸ் வெறும் கூடு இல்லை. பெட்ரோல் கலவையை உறிஞ்சி மேலே தள்ளும் பம்பே அதுதான். அந்த அறையைக் காற்றுப் புகாமல் மூடி வைத்திருப்பவை கிராங்கின் இரு முனையிலும் உள்ள இரண்டு ரப்பர் ஆயில் சீல்கள். பல வருஷம் அசையாமல் கிடந்த சீலின் உதடு காய்ந்து விறைத்துவிடும். துரு ஏறிய ஷாஃப்டில் அது சுழலும்போது கிழியும். இடது சீல் போனால் கிளட்ச் பக்கத்து கியர் ஆயிலை எஞ்சின் உறிஞ்சும். புகை நிற்கவே நிற்காது, கியர் ஆயில் மட்டம் இறங்கிக்கொண்டே போகும். பார்க்க அசிங்கம், ஆனால் எஞ்சினுக்கு உடனே ஆபத்தில்லை. வலது சீல் போனால் புகையே வராது. வெளிக்காற்று உள்ளே புகுந்து கலவை மெலியும். பெட்ரோலோடு சேர்ந்துதான் ஆயிலும் போகிறது என்பதால் பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைந்தது என்று பொருள். ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் இறங்காமல் இரைந்துகொண்டே நிற்கும். "வண்டி நல்லா இழுக்குதே" என்று தோன்றும் அந்த நேரத்தில்தான் பிஸ்டன் ஜாம் ஆகிப் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பைபாஸில் அறுபதில் போகும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே முதல் வழியில் போகிறவர்களுக்கு நான் வைக்கும் நிபந்தனை ஒன்றே: காற்றழுத்தச் சோதனை. இதற்குப் பெரிய கருவி வேண்டாம், ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய மெர்க்குரி அல்லது டயல் கருவி போதும். இரண்டு சைலன்சர் குழாயையும் கார்புரேட்டரையும் கழற்றிவிட்டு, அந்த மூன்று வாயையும் சைக்கிள் டியூப் வெட்டிய ரப்பரும் தகடும் வைத்து அடைத்துவிடுங்கள். பிஸ்டனைக் கீழே இறக்கி, பிளக் துளையில் ஒரு பழைய பிளக்கின் கூட்டைத் துளைத்துக் குழாய் பொருத்தி, ரப்பர் குமிழை அழுத்தி 300 வரை ஏற்றுங்கள். பாதரச அளவில் 300 மி.மீ. என்றால் சுமார் 6 பி.எஸ்.ஐ.; டூ ஸ்ட்ரோக் சோதனைக்கு வேண்டிய அழுத்தம் கிட்டத்தட்ட அதுவேதான். ஐந்து நிமிஷம் முள் பெரிதாக இறங்காமல் நின்றால் முதல் வழியிலேயே போங்கள், நான் தடுக்கவில்லை. கண்ணெதிரே சரிந்தால் சோப்பு நுரை தடவிக் கசிவைத் தேடுங்கள். அடைத்த ரப்பரிலேயே கசிந்தால் இறுக்கிவிட்டுத் திரும்பச் செய்யலாம். வலது பக்க ஜெனரேட்டருக்குப் பின்னால் குமிழ் விட்டால் சந்தேகமே இல்லை, வலது சீல்தான். இடது சீல் கசிந்தால் காற்று கியர்பெட்டிக்குள் போகும். கியர் ஆயில் ஊற்றும் துளையில் காது வைத்தால் இரைச்சல் கேட்கும்.

நான் பார்த்தவரை நீண்ட நாள் நின்ற வண்டிகளில் இந்தச் சோதனையில் தேறுபவை குறைவு. அதனால்தான் இரண்டாவது வழியை நான் முன்வைக்கிறேன்.

எஞ்சினை இறக்கி, கேஸை இரண்டாகப் பிரித்து, சீல், பேரிங் எல்லாவற்றையும் மாற்றுவது. கேஸ் திறந்த பிறகு, "இது இன்னும் நல்லாதான் இருக்கு" என்று எந்த பேரிங்கையும் திரும்ப வைக்காதீர்கள். அவை பெரும்பாலும் பொது அளவு பேரிங்குகள். வளையத்தின் மேல் எண் பொறித்திருக்கும், எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும். விலை உயர்ந்த வேலைகள் இரண்டு. ஒன்று சிலிண்டர் போர், அதாவது சிலிண்டரின் உள்துளையைக் கடைவது. 65 மி.மீ. சிலிண்டரில் துருக் குழி இருந்தால் கடைந்து அடுத்த ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். பிஸ்டனைக் கையில் வாங்கி அளந்த பிறகே லேத்துக்குக் கொடுங்கள். திரும்பச் செய்த பிஸ்டன்களில் டப்பாவில் எழுதிய அளவும் உள்ளே இருப்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. இன்னொன்று கிராங்க். இது அழுத்திச் சேர்த்த கிராங்க். கனெக்டிங் ராடு பின்னை மாற்ற ஹைட்ராலிக் பிரஸ்ஸில் பிரித்து, திரும்ப அழுத்தி, இரண்டு சென்டருக்கு இடையில் வைத்து டயல் கேஜால் நேர் பார்க்க வேண்டும். சுத்தியலால் தட்டி, கண்ணால் நேர் பார்த்துக் கொடுக்கும் பட்டறைகள் உண்டு. அங்கே கொடுத்தால் புது பேரிங் ஒரு வருஷம் தாங்காது. கோயம்புத்தூர் பக்கம் இருப்பவர்கள் பாக்கியவான்கள், நல்ல லேத்துக்காரர்களுக்கு அங்கே பஞ்சமில்லை. எதைக் கேட்டுத் தேர்ந்தெடுப்பது என்றால், "டயல் கேஜ்ல எவ்வளவு காட்டுச்சுண்ணே?" என்று கேளுங்கள். எண்ணைச் சொல்கிறவரிடம் கொடுங்கள்.

இந்த வழியில் செலவு முதல் வழியைப் போலப் பல மடங்கு ஆகும். ஆனால் அந்தப் பணத்துக்கு ஓடக்கூடிய, நம்பி வெளியூர் எடுத்துப் போகக்கூடிய எஞ்சின் கிடைக்கிறது. வெளித்தோற்றம் அப்படியே இருக்கட்டும். மங்கிய மெரூன், டேங்கில் முழங்கால் உரசிய தேய்மானம், யாரோ எப்போதோ ஒட்டிய முருகன் ஸ்டிக்கர் எல்லாம் இருந்தால் என்ன? பெயின்ட்டை எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம். ஆலையில் அடித்த பெயின்ட்டைத் திரும்ப வாங்க முடியாது.

குறுக்குவழி ஒன்றும் இருக்கிறது. சென்னை புதுப்பேட்டையில் அலைந்து வேறொரு யெஸ்டி எஞ்சினை வாங்கிப் பொருத்துவது. பணக் கணக்கில் சில சமயம் இது மலிவாகவே தெரியும். ஆனால் எஞ்சின் எண் கிராங்க் கேஸில் இருக்கிறது. ஆர்.சி.யில் ஒரு எண், வண்டியில் ஒரு எண் என்றால் புதுப்பிக்கப் போகும் இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். வந்த எஞ்சின் எந்த வண்டியிலிருந்து கழன்றது என்பதும் தெரியாது. அங்கே போய் கிளட்ச் தட்டோ, கியரோ, சிலிண்டர் பிளாக்கோ வாங்குங்கள். கேஸை மட்டும் தொடாதீர்கள்.

முழு ரெஸ்டோரேஷன் பற்றி எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு, மறைக்கவில்லை. நன்றாகச் செய்தால் அழகுதான். ஜூலை இரண்டாம் ஞாயிறு ஜாவா–யெஸ்டி தினத்தில் வரிசையாக நிற்கும் வண்டிகளைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். முலாம், பெயின்ட், டிங்கரிங், சீட், பேட்ஜ். இவற்றுக்கே கை காலியாகி, எஞ்சினுக்கு ரிங் மட்டும் மாற்றிய வண்டிகள் அந்த வரிசையிலும் நிற்கும். டேங்க் பக்கவாட்டையும் ரிம்மையும் முறையாகச் செம்பு, நிக்கல், குரோம் என்று அடுக்கு அடுக்காகப் பூச வேண்டும். அவசரத்துக்குப் பூசினால் ஒரு மழைக்காலம் தாங்காது. இன்னொன்று, நாள் இழுக்கும். பிரித்த வண்டி சாக்குப்பைகளில் பட்டறை மூலையில் கிடப்பது ரெஸ்டோரேஷனின் சகஜமான முடிவு. துரு ஃபிரேமையே தின்றுவிட்டது, மட்கார்ட் இரண்டும் சல்லடை என்றால் வேறு வழியில்லை, அப்போது செய்யுங்கள். அப்போதும் எஞ்சினை முதலில் முடித்து, ஓட்டிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு பெயின்டருக்கு அனுப்புங்கள். கழற்றும் முன் ஒவ்வொரு வயரும் பிராக்கெட்டும் இருக்கும் இடத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் சேர்க்கும்போது தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

பாயிண்ட்டா எலெக்ட்ரானிக்கா என்ற சண்டை தனியாக நடக்கும். செக் நாட்டு வேப் கிட் போட்டால் ஜெனரேட்டரும் இக்னிஷனும் சேர்ந்தே மாறும். 12 வோல்ட், நல்ல வெளிச்சம், பாயிண்ட் தொல்லை ஒழிந்தது. இறக்குமதி விலையைத் தாங்க முடிந்து, வண்டியை நிறைய ஓட்டப்போகிறவர் என்றால் போடுங்கள். மாதத்துக்கு இரண்டு முறை எடுக்கிறவருக்கு நல்ல கண்டென்சரும் ஒரு ஃபீலர் கேஜும் போதும். பாயிண்ட் வண்டி நடுவழியில் நின்றால் ஒரு ஸ்க்ரூடிரைவரும் காகிதமும் கொண்டு வீடு வந்து சேரலாம். எலெக்ட்ரானிக் பெட்டி போனால் டெம்போதான்.

எந்த வழியில் போனாலும் பெட்ரோல் பிரச்சினை பொது. இன்று பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அதிகமாக இழுத்தால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்க் அடியில் தங்கும். கழுவி வைத்த டேங்க் திரும்பத் துருப்பிடிப்பது இப்படித்தான். பழைய ரப்பர் குழாய், மிதவை ஊசி முனை, கார்க் வாஷர் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் டேங்க் அடியில் உள்ள பெட்ரோல் குழாயை மூடி, எஞ்சின் தானாக அணையும் வரை ஓடவிட்டு கார்புரேட்டரைக் காலி செய்யுங்கள். ஆயில் லிட்டருக்கு 40 மி.லி., அதாவது 1:25. புது பிஸ்டன் போட்டிருந்தால் ஆரம்பத்தில் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். ஆயில்கிங் மாடலாக இருந்தால் தனி ஆயில் டேங்கும் பம்பும் உண்டு. முன்பு வைத்திருந்தவர் அதைத் துண்டித்துவிட்டாரா என்று பார்க்காமல் வெறும் பெட்ரோலை ஊற்றிவிடாதீர்கள்.

கடைசியாக விற்பது. இதைத் தோல்வி மாதிரிப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இடமில்லை, நேரமில்லை, டூ ஸ்ட்ரோக் புகையில் ஆசையுமில்லை என்றால் நின்ற நிலையில் அப்படியே கொடுப்பதுதான் நல்லது. அரைகுறையாகப் பிரித்துவிட்டு விற்றால் விலை பாதியாகும். வாங்குகிறவருக்கும் எந்த போல்ட் எங்கே என்று தெரியாது. விற்பதற்கென்று பெயின்ட் அடிக்கவும் வேண்டாம், விஷயம் தெரிந்தவர் புது பெயின்ட்டைப் பார்த்தால் அடியில் என்ன மறைத்திருக்கிறது என்றுதான் சந்தேகப்படுவார். துருவோடு, தூசியோடு, ஆர்.சி.யோடு காட்டுங்கள். காயலாங்கடைக்கு எடைக்குப் போடுவதாக முடிவெடுத்துவிட்டால்கூட அதற்கு முன் யெஸ்டிக்காரர் யாருக்காவது ஒரு போன் போடுங்கள், இரும்பு விலையைவிடக் கட்டாயம் கூடக் கிடைக்கும். யாருக்குக் கொடுத்தாலும் ஃபாரம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டு, பெயர் மாறிய ஆர்.சி.யின் நகலைக் கையில் வாங்கும்வரை பின்தொடருங்கள். அதுவரை அந்த வண்டி எங்கே எதில் மோதினாலும் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.